திறந்த அறைகளும் மூடிய அறைகளும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

தசை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாவட்டத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடல்தான். தை மாதத்தில் அங்கு அவிழ்த்துவிடப்படும் காளையின் தொடையையும், அதை அணைய ஓடும் இளைஞர்களின் தோளையும் பார்த்தவர்கள், ‘உடம்பு என்றால் இதுவல்லவா உடம்பு!’ என்று வியக்காமல் இருக்க மாட்டார்கள். அந்த உடம்பு எப்படி வந்தது என்று கேட்டால் தீனி, பயிற்சி, பரம்பரை என்று மூன்று சொற்களில் விடை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த மூன்றாவது சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

என் சித்தி மகனுக்கு இப்போது ஒன்பது வயது. நான்கு வயதில் அவனுடைய கெண்டைக்கால்கள் உருண்டு திரண்டு இருக்கும். ‘பயில்வான் கால்’ என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பயில்வானால் தரையிலிருந்து நேராக எழ முடியாது. குப்புறப் புரண்டு, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் எழுந்து நிற்பான். முதலில் காட்டிய மருத்துவமனையில் ‘சத்துக் குறைவு’ என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுகள் டானிக்கிலேயே கழிந்தன. பிறகு வேறொரு மருத்துவர் அவன் எழுந்து நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். லண்டன் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் 1879இலேயே விவரித்த அடையாளம் அது. ரத்தத்தைச் சோதித்தார்கள். தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் கிரியேட்டின் கைனேஸ் பல மடங்கு ஏறியிருந்தது. ஜீன் பரிசோதனை அதை உறுதி செய்தது. டூஷென் தசைச் சிதைவு நோய். ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. திரண்டிருந்த கெண்டைக்காலில் இருந்தது வலிமை அன்று; சிதைந்த தசையின் இடத்தை நிரப்பிய கொழுப்பும் நாரும்.

‘ஜீனில் குறை’ என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. விலங்கியல் படிப்பவள் ஆயிற்றே! அம்மாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார்.

“ஏத்தா, உடம்பு பூராவும் இருக்கிற குறைன்னா காலும் தோளும் மட்டும் ஏன் விளங்காமப் போகுது? அந்தக் குறை உங்க சித்திகிட்டேருந்து வந்ததுன்னா அவ மட்டும் எப்படி நல்லா நடமாடுறா? அப்ப இது யாரு செஞ்ச தப்பு?”

பல்கலைக்கழகத் தேர்வில் இதைவிடக் கடினமான வினாக்களை நான் சந்தித்ததில்லை. அவற்றுக்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் உடலின் தோல் செல்லிலும், குடல் செல்லிலும், தசைச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தான். ஏறக்குறைய 20,000 புரத ஜீன்கள் எல்லாவற்றிலும் உண்டு. அப்படியானால் ஒன்று தோலாகவும் மற்றொன்று தசையாகவும் எப்படி ஆகிறது?

என் ஐயா கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையற்கட்டு, வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். சாவிக்கொத்து ஐயாவின் இடுப்பில். சாதாரண நாளில் முகப்பும் ஓர் அறையும் மட்டும் திறந்திருக்கும். கல்யாணம் என்றால் பாத்திர அறையும் சமையற்கட்டும் திறக்கும். படைப்பு என்றால் வேறு அறை. வீடு அதே வீடுதான். எந்தக் கதவு திறக்கிறது என்பதில்தான் அன்றைய நாள் கல்யாண நாளா சாதாரண நாளா என்பது இருக்கிறது. செல்லும் அப்படித்தான். எல்லா ஜீன்களும் எல்லாச் செல்லிலும் உண்டு. ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் திறப்பதில்லை.

ஜீன்களுக்குத் திறப்பும் அடைப்பும் உண்டு என்பதை 1961இல் பாரிஸில் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ என்னும் இருவர் பாக்டீரியாவில் விளக்கிக் காட்டினார்கள். பால் சர்க்கரை கிடைத்தால்தான் அதைச் செரிக்கும் நொதிகளின் ஜீன்கள் திறக்கின்றன. இல்லாதபோது ஒரு புரதம் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்காக 1965இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். பாக்டீரியாவுக்குச் சரி, தசைக்கு யார் சாவிக்காரர்?

அந்தச் சாவி 1987இல் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹெரால்ட் வெய்ன்ட்ராப், ராபர்ட் டேவிஸ், ஆண்ட்ரூ லாசர் ஆகியோர் சுண்டெலியின் நார்த்திசுச் செல்களை எடுத்துக்கொண்டனர். அவை தசையாக மாறும் வழக்கம் உள்ளவை அல்ல. அவற்றில் ஒரே ஒரு ஜீனை மட்டும் புகுத்தி இயங்க வைத்தார்கள். அச்செல்கள் தசைச் செல்களாக மாறிவிட்டன! அந்த ஜீனுக்கு மையோ-டி என்று பெயர். பின்னர் கொழுப்புச் செல்லிலும் நிறமிச் செல்லிலும்கூட அது தசைக்குரிய ஜீன்களைத் திறந்து காட்டியது.

மையோ-டி ஜீன் உண்டாக்கும் புரதம் டி.என்.ஏ.யில் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு அடையாளத்தைத் தேடிச் சென்று பற்றிக்கொள்கிறது. தனியாகச் சென்றால் பயனில்லை. துணைக்கு இன்னொரு புரதம் வேண்டும். செல் பெருகிக்கொண்டிருக்கும் வரை ‘ஐடி’ என்னும் வேறொரு புரதம் அந்தத் துணையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெருக்கம் ஓயும்போது ஐடி குறைகிறது, துணை விடுபடுகிறது, கதவு திறக்கிறது. திறக்கும் கதவுகளில் ஒன்று மையோஜெனின் என்னும் அடுத்த சாவிக்காரருடையது. தசையைச் சுருங்க வைக்கும் புரதங்களின் கதவுகள் அதன்பின் வரிசையாகத் திறக்கின்றன. மையோ-டி தன் சொந்தக் கதவையும் தானே திறந்து பிடித்துக்கொள்வதால், தசையாக முடிவு செய்த செல் அந்த முடிவிலிருந்து எளிதில் பின்வாங்குவதில்லை.

இத்தனை முக்கியமான ஜீனை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? 1992இல் மையோ-டி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கும் தசை இருந்தது! அதன் உடன்பிறப்பான மிஃப்-5 என்னும் ஜீனை நீக்கினாலும் தசை இருந்தது. இரண்டையும் சேர்த்து நீக்கிய சுண்டெலிகளில்தான், 1993இல், எலும்போடு சேர்ந்த தசையே உருவாகவில்லை. அண்ணன் இல்லாத வீட்டில் தம்பி பொறுப்பேற்பதைப் போன்ற ஏற்பாடு இது. மையோஜெனின் இல்லாதவற்றிலோ தசையாக வேண்டிய செல்கள் வந்து கூடின. ஆனால் ஒழுங்கான தசை இழைகளாக முற்றவில்லை. அவருடைய இடத்தை நிரப்ப ஆளில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் கோழிக்கருச் சிலைடுகளை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைகிறோம். நடுத் தண்டின் இருபுறமும் சிறு செங்கற்களை அடுக்கியதுபோல் இணை இணையாக வரும் கட்டிகளுக்குச் சோமைட்டுகள் என்று பெயர். கோழிக்கருவில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஓர் இணை என்று அவை தோன்றுகின்றன. எண்ணி எழுதினால் மதிப்பெண் உண்டு என்பதற்காக நாம் எண்ணுகிறோம். கை, கால், முதுகுத் தசைகள் எல்லாம் அந்தச் செங்கற்களிலிருந்துதான் வருகின்றன. மிஃப்-5, மையோ-டி ஜீன்கள் கருவில் முதலில் திறப்பதும் அங்கேதான்.

இப்போது அம்மாச்சியின் முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். தம்பியின் பிழை இருக்கும் ஜீனுக்கு டிஸ்ட்ரோபின் ஜீன் என்று பெயர். பாஸ்டனில் லூயி குன்கெல் குழுவினர் 1986, 1987 ஆண்டுகளில் அதைக் கண்டறிந்தார்கள். மனித ஜீன்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று அது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள், 79 துண்டுகள். செல் அதை ஒருமுறை படித்து முடிக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. அந்த ஜீன் தரும் புரதம் தசை இழையின் உட்சட்டத்தை அதன் சவ்வோடு கட்டி வைக்கும் கயிறு போன்றது. தம்பியின் தோலிலும் ஈரலிலும்கூட அதே பிழை உண்டு. ஆனால் அங்கெல்லாம் அந்த அறை பூட்டியே கிடக்கிறது. பூட்டிய அறையில் உத்தரம் உளுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? எலும்போடு சேர்ந்த தசையிலும் இதயத்திலும் அந்த அறை அன்றாடம் திறக்க வேண்டியது; மூளையிலும் ஓரளவு திறக்கிறது. அதனால்தான் குறை அங்கே வெளிப்படுகிறது. கயிறு இல்லாத இழை ஒவ்வொரு சுருக்கத்திலும் கிழிகிறது. இந்தப் பிள்ளைகளைக் கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். ‘மாடிப்படி ஏறி இறங்கினால் கால் பலப்படும்’ என்று அக்கறையோடு சொல்பவர்கள் இதை அறிவது நல்லது.

இரண்டாம் கேள்வி. சித்தி எப்படி நன்றாக இருக்கிறார்? டிஸ்ட்ரோபின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், பெண்ணுக்கு இரண்டு. ஆனால் பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று ஏறக்குறைய முழுவதும் அடைக்கப்படுகிறது என்று மேரி லயன் என்னும் ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி 1961இல் கூறினார். எது அடைபடும் என்பது செல்லுக்குச் செல் தற்செயல். அப்படியானால் சித்தியின் தசையிலும் ஏறத்தாழப் பாதி உட்கருக்களில் பழுதான எக்ஸ்தானே திறந்திருக்கும்?

இங்கேதான் தசை மற்றத் திசுக்களிலிருந்து வேறுபடுகிறது. தசை இழை என்பது தனிச் செல் அன்று. பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து உண்டான கூட்டுக்குடும்பம். ஓர் இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். சிலவற்றில் பழுதான எக்ஸ் திறந்திருந்தாலும், அருகில் உள்ள நல்ல உட்கருக்கள் தரும் டிஸ்ட்ரோபின் இழைக்குப் பயன்படுகிறது. ஒருவர் சம்பாதிக்காவிட்டாலும் உலை கொதிக்கும் வீடு அது. இதயத் தசைச் செல்கள் அப்படி ஒன்றாகக் கலப்பதில்லை. எனவே சித்தியைப் போன்றவர்கள் இதயத்தை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தம்பிக்காக மருத்துவமனை வாசலில் எத்தனையோ நாள் நின்ற சித்தி, தனக்கென்று ஒரு நாள் நின்றது அதன் பிறகுதான்.

இனி ஒரு சந்தேகம் எழலாம். கிழிந்த தசை மீண்டும் வளராதா? வளரும். 1961ஆம் ஆண்டிலேயே, அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் கால் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்த சிறு செல்களைக் கண்டார். இழைக்குத் துணையாக ஒட்டி நிற்பதால் அவற்றுக்குச் சாட்டிலைட் செல்கள் என்று பெயர். ஜீனின் திறப்பும் அடைப்பும், பெண்ணின் எக்ஸ் அடைப்பு, தசையின் சேமிப்புச் செல் என்று இந்த நோயைப் புரிந்துகொள்ள வேண்டிய மூன்று உண்மைகள் ஒரே ஆண்டில் வெளிவந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பே.

சாட்டிலைட் செல்கள் சாதாரண நாளில் உறங்குகின்றன. தசையில் காயம் பட்டால் விழித்து, மையோ-டி கதவைத் திறந்து, பெருகி, கிழிந்த இழையோடு கலந்து அதைச் சரி செய்கின்றன. அவற்றில் சில மட்டும் மீண்டும் உறங்கப் போகின்றன, அடுத்த காயத்துக்காக. உறக்கம் என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்றுதான் நாம் நினைப்போம். ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் முனைவர் ஜோத்ஸ்னா தவன் குழுவினர் பல்லாண்டுகள் ஆராய்ந்தது இந்த உறக்கத்தைத்தான். தசைச் செல்களை ஒட்டிக்கொள்ளத் தரையில்லாமல் கெட்டியான கூழ்போன்ற ஊடகத்தில் மிதக்கவிட்டால் அவை பிரிவதை நிறுத்தி உறங்குகின்றன, மையோ-டியும் அடங்குகிறது. மீண்டும் தரை கொடுத்தால் விழிக்கின்றன. 2009இல் அக்குழு எம்.எல்.எல்.-5 என்னும் ஒரு ஜீனைப் பற்றி எழுதியது. அந்த ஜீனைக் குறைத்தபோது செல்கள் காலத்துக்கு முன்பே பிரிவதற்கு அவசரப்பட்டன. அப்படி அவசரப்பட்டவை ஒழுங்கான தசையாக மாறுவதிலும் தடுமாறின. ஆகவே உறக்கமும் ஜீன்களின் வேலைதான். காத்திருப்பதற்கும் சாவிகள் உண்டு. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் விஜயராகவன் குழுவினர் பழ ஈயின் பறக்கும் தசையிலும் இத்தகைய சேமிப்புச் செல்கள் இருப்பதை 2017இல் காட்டினார்கள். ஈக்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கம்!

தம்பியின் உடலில் இந்தச் செல்களுக்கு உறக்கம் இல்லை. தசை நாள்தோறும் கிழிவதால் நாள்தோறும் எழுப்பப்படுகின்றன. அவை கட்டும் புதிய இழையிலும் அதே பழுதான ஜீன்தான். மேலும், சாட்டிலைட் செல் சரியான முறையில் பிரிவதற்கே டிஸ்ட்ரோபின் வேண்டும் என்று 2015இல் கனடாவில் கண்டறிந்தனர். பழுதுபார்க்க வருபவருக்கே கை முடக்கம் என்றால் பழுது எப்படித் தீரும்? இந்நோய் ஏன் பள்ளி வயதில் நடையைப் பறிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் சிதைவைத் தாமதப்படுத்துகின்றன. பிழையுள்ள துண்டைத் தாண்டிப் படிக்கச் செய்யும் மருந்து ஒன்றுக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி தந்தது. குறிப்பிட்ட பிழை உள்ள சிலருக்கே அது பொருந்தும். 2023இல், சுருக்கி அமைத்த டிஸ்ட்ரோபின் ஜீனை வைரஸ் வழியே செலுத்தும் மருத்துவம் வந்தது. அந்த ஜீனுக்கு முன்னால் தசையிலும் இதயத்திலும் மட்டும் திறக்கும் ஒரு கதவைப் பொருத்தியிருக்கிறார்கள். ஜீன் ஒழுங்குமுறை பற்றிய ஆய்வு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை. ஆனால் அதன் விலை 32 லட்சம் டாலர். நோயாளிகள் சிலர் கல்லீரல் பாதிப்பால் இறந்ததை அடுத்து, 2025இல் அமெரிக்காவிலேயே அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. வழி தெரிகிறது, ஊர் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். இது யார் செய்த தப்பு? சித்தியின் புகுந்த வீட்டில் சிலர், ‘உன் பிறந்த வீட்டு வியாதி’ என்றார்கள். அம்மாச்சியோ தன் மூத்த மகனை, என் மாமாவை, நினைத்துக்கொண்டார். அவர் பத்து வயதுக்குமேல் நடக்க முடியாமல் பதினேழு வயதில் இறந்தவர். சாமிக் குற்றம் என்று அன்று கிடா வெட்டிப் பரிகாரம் செய்தார்களாம். இந்நோய்க்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாயிடம் பிழை இருப்பதில்லை, புதிதாகவே உண்டாகிறது. எங்கள் குடும்பத்தில் அது அம்மாச்சி வழியே வந்திருக்க வேண்டும் என்பது மாமாவை நினைத்தாலே தெரியும். ஆனால் 20 லட்சம் எழுத்துகளைப் படி எடுக்கும்போது எப்போதோ ஓரிடத்தில் நேர்ந்த பிழைக்கு யாரைக் குற்றம் சொல்வது? எந்தத் தாயும் தன் இரு எக்ஸ்களில் இன்னதைக் கொடுப்பேன் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. இதைச் சொன்னபோது அம்மாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சாமி மேலயும் தப்பில்ல, எம்மேலயும் தப்பில்ல” என்றார். அரை நூற்றாண்டுச் சுமையை அவர் இறக்கி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. சித்தியிடம் இருந்தால் அவருடைய அக்காவான என் அம்மாவிடமும் இருக்கலாம். இரண்டில் ஒரு வாய்ப்பு. அம்மாவிடம் இருந்தால் என்னிடம் இருக்க மீண்டும் இரண்டில் ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் போட்ட சதுரக் கட்டத்தில் என் பெயரை எழுதிப் பார்த்த இரவை மறக்க முடியாது. ‘கல்யாணம் ஆக வேண்டிய பெண் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் கிளறலாமா?’ என்று உறவினர்கள் அஞ்சினார்கள். அம்மாதான், “தெரியாமப் பயப்படுறதைவிடத் தெரிஞ்சுக்கிறது மேல்” என்று சொல்லி ரத்தம் கொடுத்தார். தம்பியின் பிழை எது என்பது முன்பே தெரிந்திருந்ததால் அம்மாவின் ரத்தத்தில் அதைத் தேடுவது எளிதாயிற்று. அம்மாவிடம் அந்தப் பிழை இல்லை. எனவே என்னிடமும் இல்லை. செய்தி வந்ததும் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் சித்தி.

சித்திக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கும் இப்போதே சோதித்துவிடலாமா என்று கேட்டோம். ‘அவள் வளர்ந்து, விவரம் புரிந்து, தானே வேண்டும் என்று கேட்கட்டும், அது அவள் உரிமை’ என்றார் ஆலோசனை கூறிய மருத்துவர். அந்தக் கதவைத் திறக்கும் சாவி அவளிடம்தான் இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் தமிழ்நாட்டிலேயே கோயம்புத்தூரில் முனைவர் பி. ஆர். லட்சுமி நிறுவிய மையம் இந்நோய்க்கான ஜீன் பரிசோதனையும் ஆலோசனையும் வழங்குகிறது. உங்கள் தெருவில் நான்கைந்து வயது ஆண் பிள்ளை ஒருவன் தொடையில் கை ஊன்றி எழுந்தால், கெண்டைக்கால் மட்டும் பருத்திருந்தால், அவன் பெற்றோரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிச் சொல்லுங்கள். எங்களுக்குப் போன ஒன்றரை ஆண்டு அவர்களுக்குப் போக வேண்டாம். அந்தத் தாயை யாரேனும் பழித்தால், நாம் வகுப்பில் படித்ததை அங்கே எழுந்து நின்று சொல்லுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் எங்கள் வீட்டில் ஒரு கிழவியின் மனப்புண்ணுக்கு மருந்தாயிற்று.